பலகைக்கு முகம் இல்லை

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள புரூக்வுட் இடுகாட்டில் சார்லஸ் பிராட்லா அடக்கம் செய்யப்பட்டார். இங்கிலாந்தின் பேர்போன நாத்திகர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்காகப் பேசிப் பேசியே ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்று பெயர் வாங்கியவர். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். அப்போது அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த இருபத்தொரு வயது காந்தியும் போனார். இறுதி மரியாதை செலுத்தச் சில பாதிரியார்களும் வந்திருந்தார்கள். திரும்பும்போது ரயிலுக்காக எல்லோரும் நிலையத்தில் காத்திருக்க, கூட்டத்தில் இருந்த நாத்திகர் ஒருவர் ஒரு பாதிரியாரைப் பிடித்துக்கொண்டார். கடவுளை நம்புகிறீர்களா? பூமியின் சுற்றளவு இத்தனை மைல் என்பதை ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் உங்கள் கடவுளின் அளவு என்ன, அவர் இருப்பது எங்கே? நம் இருவர் உள்ளத்திலும்தான் என்று பாதிரியார் தாழ்ந்த குரலில் சொன்னார். என்னைச் சின்னப்பிள்ளை என்று நினைத்தீரா என்று கேட்டுவிட்டு, வென்றுவிட்ட களிப்போடு நாத்திகர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பாதிரியார் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதிவிட்டு, நாத்திகத்தின் மேல் ஏற்கெனவே இருந்த வெறுப்பு அன்று இன்னும் கூடிப்போனது என்கிறார்.

அந்த நாத்திகரின் தரப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. அவருடைய கோபத்துக்கும் காரணம் இருந்திருக்கலாம். அன்று புதைக்கப்பட்ட பிராட்லாவே அதற்குச் சாட்சி. 1880இல் நார்த்தாம்ப்டன் மக்கள் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பதற்குப் பதில் வெறும் உறுதி சொல்ல அனுமதி கேட்டார், அவை மறுத்தது. சரி, உறுதிமொழியையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவர் எடுக்கும் உறுதிமொழி செல்லாது என்று அதற்கும் தடை. நாடாளுமன்ற மணிக்கூண்டில் ஓர் இரவு சிறை வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே அனுப்பினார்கள். இருக்கையில் நிலையாக அமர 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1883இல், ‘ஃப்ரீதிங்கர்’ இதழில் பைபிள் கதைகளைக் கேலிச்சித்திரம் போட்டதற்காக அதன் ஆசிரியர் ஜி. டபிள்யூ. ஃபுட் தெய்வ நிந்தனைக் குற்றத்தில் ஓராண்டு சிறை சென்றார். ஒரு தரப்புக்குப் பின்னால் சட்டமும் சிறையும் நிற்கும்போது, மறுதரப்பு மட்டும் பணிவாகப் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ரயில் நிலையத்து நாத்திகரின் தவறு வேறு. சட்டத்தின் மேல் இருந்த கோபத்தை, சாவுக்கு மரியாதை செய்ய வந்த ஒரு மனிதர் மேல் இறக்கிவைத்தார்.

இந்த வாதங்களின் எதிரொலி அப்போதே சென்னைக்கும் வந்திருந்தது. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார் தமிழில் ‘தத்துவ விவேசினி’யையும் ஆங்கிலத்தில் ‘தி திங்கர்’ இதழையும் நடத்தினார்கள். பேராசிரியர் வீ. அரசு அவற்றைத் திரட்டித் தொகுதிகளாகப் பதிப்பிக்கும்வரை, தமிழ்நாட்டில் நாத்திகம் சுயமரியாதை இயக்கத்தோடுதான் பிறந்தது என்று நம்பியவர்களே அதிகம்.

பிராட்லாவின் நாட்டில் தெய்வ நிந்தனை என்ற மரபுச் சட்டக் குற்றம் 2008இல்தான் ஒழிந்தது. இங்கிலாந்தும் வேல்சும் அதற்கு விடைகொடுத்த அதே கோடையில், லண்டனில் ஏரியன் ஷெரின் என்ற நகைச்சுவை எழுத்தாளர் ஒரு பேருந்து விளம்பரத்தைக் கவனித்தார். பைபிள் வசனம், கூடவே ஓர் இணைய முகவரி. முகவரிக்குள் போய்ப் பார்த்தால், கிறிஸ்துவை ஏற்காதவர்கள் என்றென்றைக்கும் நரகத்தில் வேதனைப்படுவார்கள் என்று எழுதியிருந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து நீங்கள் எரியப்போகிறீர்கள் என்று சொல்லும் விளம்பரம் ஓடலாமென்றால், கவலைப்படாதீர்கள் என்று சொல்லும் விளம்பரமும் ஓடலாமே என்று ‘கார்டியன்’ நாளிதழுக்கு எழுதினார். பாதி விளையாட்டாகத் தொடங்கியது அது. பிரிட்டிஷ் மனிதநேயச் சங்கம் கைகொடுத்தது. நாத்திக எழுத்தாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் தன் பங்கைத் தருவதாகச் சொன்னார். அக்டோபரில் நிதி திரட்டத் தொடங்கியபோது வைத்த இலக்கு 5,500 பவுண்டு. வந்து சேர்ந்தது ஒன்றரை லட்சம் பவுண்டுக்கும் மேல்.

2009 ஜனவரி 6 அன்று பேருந்துகள் கிளம்பின. பிரிட்டன் முழுக்க எண்ணூறு பேருந்துகளில் ஒட்டியிருந்த வாசகத்தின் சாரம் இது: கடவுள் அநேகமாக இல்லை, இனி கவலையை விட்டுவிட்டு வாழ்க்கையை அனுபவியுங்கள்.

அந்த ‘அநேகமாக’ டாக்கின்ஸுக்குப் பிடிக்கவில்லை. இன்னும் அழுத்தமாகச் சொல்ல விரும்பினார். ஷெரின் விடவில்லை. விளம்பர விதிகளும் மனதில் இருந்தன. நிரூபிக்க முடியாததை நிரூபித்ததுபோல் சொல்லவேண்டாம் என்ற நேர்மையும் இருந்தது. இத்தனை மெதுவாகச் சொல்லியும் விளம்பரத் தர ஆணையத்துக்கு முந்நூறுக்கு மேல் புகார்கள் போயின. கடவுள் இல்லை என்பதற்கு ஆதாரம் எங்கே என்பது ஒரு புகார். இது விளம்பரதாரரின் கருத்து, ஆதாரம் காட்டி நிறுவக்கூடிய செய்தி அல்ல என்று ஆணையம் அதே மாதம் தள்ளிவிட்டது. சவுத்தாம்ப்டனில் ஓர் ஓட்டுநர், அந்த வாசகம் ஒட்டிய பேருந்தை ஓட்ட மாட்டேன் என்று வீட்டுக்குப் போய்விட்டார். நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. முடிந்தவரை வேறு பேருந்து தருவதாகச் சொன்னது. அவரும் மறுபடி வண்டியை எடுத்தார். இந்த முழு விவகாரத்திலும் எதிராளிக்கு உண்மையாகவே இடம் விட்டது அந்தப் பணிமனைதான்.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் கொதிக்கவில்லை. மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர், கடவுள் பேச்சை ஓயவிடாமல் பார்த்துக்கொள்கிறாரே என்று டாக்கின்ஸுக்கு நன்றி சொன்னார். ‘தியோஸ்’ என்ற கிறிஸ்தவச் சிந்தனை அமைப்பு ஐம்பது பவுண்டு நன்கொடையே கொடுத்தது: இப்படி ஒரு வாசகத்தைப் பார்த்தால் மக்கள் கடவுளைப் பற்றி யோசிப்பார்கள், அது எங்களுக்கு லாபம்தானே! ஒரு சிறு கிறிஸ்தவக் கட்சி மட்டும் அடுத்த மாதமே பதிலுக்கு இறங்கியது. கடவுள் நிச்சயமாக இருக்கிறார், எங்கள் கட்சியில் சேருங்கள் என்று அதுவும் பேருந்தில் ஒட்டியது. அந்த ஆண்டு பிரிட்டனில் அதிகப் புகார் வாங்கிய விளம்பரம் அதுவாகத்தான் இருந்தது. ஆயிரத்துக்கும் மேல். ‘அநேகமாக இல்லை’ என்றவர்களைவிட ‘நிச்சயமாக இருக்கிறார்’ என்றவர்கள் மேல்தான் அந்த ஊருக்கு எரிச்சல் அதிகம். கட்சி விளம்பரம் என்பதால் ஆணையம் அதில் தலையிட முடியவில்லை.

ஷெரினின் வாசகத்தில் முதல் பாதியைத்தான் எல்லோரும் அலசினார்கள். உறுத்தவேண்டியது இரண்டாம் பாதி. கடவுள் இல்லை என்பது கடவுளைப் பற்றிய பேச்சு. கவலையை விடு என்பதோ பார்க்கிறவரைப் பற்றிய பேச்சு. நம்புகிறவர் எல்லாம் நரக பயத்தில் நடுங்கிக்கொண்டிருப்பவர் என்று அது முன்கூட்டியே முடிவுகட்டுகிறது. நள்ளிரவு வரை அலுவலகங்களைத் துடைத்துவிட்டு லண்டன் பேருந்தில் தூங்கி வழியும் ஒரு நைஜீரியப் பெண்ணை நினைத்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைதான் அவளுக்குக் கவலை தீரும் இடம். அவளிடம் போய் இதைச் சொன்னால் கோபம்கூட வராது, புரியாது. வாசகத்தை எழுதியவர் மனதில் இருந்தது நரகத்தைக் காட்டி மிரட்டிய அந்த இணையதளம். பேருந்து போனதோ எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

பொது இடத்து வாசகத்தின் சிக்கலே இதுதான். நேரில் பேசுகிறவனுக்கு எதிராளியின் முகம் தெரியும். குரலை ஏற்றலாம், இறக்கலாம், போதும் என்று நிறுத்தலாம். பலகைக்கு முகம் தெரியாது, அதற்கும் முகம் கிடையாது.

ஜெர்மனியில் இதே பிரசாரம் வேறு மாதிரி போனது. நகரப் போக்குவரத்து நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் தர மறுத்துவிட்டதால், 2009 கோடையில் நாத்திகர்கள் சொந்தமாக ஒரு மாடிப் பேருந்தை வாடகைக்கு எடுத்து ஊர் ஊராகப் போனார்கள். ஒரு கிறிஸ்தவ அமைப்பு தானும் ஒரு பேருந்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஒருவேளை அவர் இருந்துவிட்டால் என்ற பொருள்படும் கேள்வி அதன் மேல் எழுதியிருந்தது. போன ஊரிலெல்லாம் இரண்டு வண்டிகளும் இரண்டு தரப்பு ஆட்களும். பேசவேண்டும் என்று நினைத்தவர்கள் பேச முடிந்தது. கேட்கச் சற்றே கேலிக்கூத்தாக இருக்கிறது. ஆனால் இடம் தர மறுத்த நிறுவனங்களைவிட, துரத்தி வந்த அந்தப் பேருந்து நாத்திகர்களுக்கு அதிக மரியாதை செய்தது.

தமிழ்நாட்டில் இந்த விவகாரத்துக்குப் பேருந்து தேவைப்படவில்லை. இங்கே அது கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

பெரியார் 1967இல் வகுத்த கடவுள் மறுப்பு வாசகம் அவர் சிலைகளின் பீடங்களில் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, கடைவீதி முனையில், கோயில் தெருத் திருப்பத்தில் தினமும் அதைக் கடந்து போகிறவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது. முதல் மூன்று வரிகள் கடவுள் இல்லை என்பதை அழுத்தி அழுத்திச் சொல்கின்றன. அடுத்த மூன்று வரிகள் ஆட்களிடம் திரும்புகின்றன: கடவுளைக் கற்பித்தவன் முட்டாள், பரப்பியவன் அயோக்கியன், வணங்குகிறவன் காட்டுமிராண்டி. ‘அநேகமாக’வுக்கெல்லாம் இங்கே இடமில்லை.

இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அதே தெருவில் மற்றவற்றையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஆட்டோ முதுகில் முருகன் துணை. ரயில்வே சுவரில் பாவிகளை எச்சரிக்கும் வெள்ளை எழுத்து. ஆடி மாதம் விடியற்காலையில் தொடங்கி ராத்திரி வரைக்கும் மைக்செட். ஐந்து வேளை பாங்கு. குருபூசைக்கும் கும்பாபிஷேகத்துக்கும் நடைபாதையை அடைத்து நிற்கும் ப்ளெக்ஸ். இவற்றை யாரும் பிரசாரம் என்று சொல்வதில்லை. ஊர் என்றுதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பீடத்துக் கல் மட்டும் மனதைப் புண்படுத்துகிறது என்றால், புண்படுவதற்கும் ஒரு பழக்கம் இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும்.

வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். பீடத்து வாசகங்களை நீக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மதத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் கருத்துச் சொல்ல அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு மனுதாரருக்கு உரிமை தருகிறது என்றால், மாற்றுக் கருத்துக்காரர்களுக்கும் அதே உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்பு. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொரு தீர்ப்பு இவ்வளவு எளிமையானதல்ல. 1953 மே 27 அன்று பெரியார் திருச்சியில் களிமண் பிள்ளையாரைப் பொதுக்கூட்டத்தில் உடைத்தார். அது கோயில் சிலை அல்ல, பிரதிஷ்டை செய்ததும் அல்ல, எனவே புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. ஒரு சாரார் புனிதமாகக் கருதும் பொருள் எதுவும் சட்டத்தின் காப்புக்குள் வரும், பிரதிஷ்டை ஆனதா என்பது முக்கியமல்ல, அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா இல்லையா என்று நீதிமன்றம் தன் கருத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றது. அத்தோடு, வழக்கு பழசாகிவிட்டதென்று மேல்நடவடிக்கைக்கும் உத்தரவிடவில்லை. நம்பாதவன் நம்புகிறவனின் உணர்வை எப்படி மதிப்பது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அதையே அளவுகோலாக வைத்தால், யாருக்கு எது புனிதமோ அதெல்லாம் தொடக்கூடாததாகிவிடும். சீர்திருத்தக்காரர் எவருக்கும் வேலை இருக்காது.

பெரியாரின் கடுஞ்சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் போவதற்காக அல்ல, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக. தெருவில் நடக்காதே என்பதும் கடவுள் பெயரால் வைக்கப்பட்ட பொது அறிவிப்புதான். பிறப்பைக் காட்டிக் கோடிக்கணக்கானவர்களைச் சூத்திரன், சண்டாளன் என்று எழுதிவைத்த நூல்கள் மரியாதை பார்க்கவில்லை. அப்படிப்பட்ட சமூகத்தில் ஒருவர் ‘அயோக்கியன்’ என்று சொன்னதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு நாகரிகம் பேசினால், அது பாதிக் கணக்கு.

அவரே நேரில் எப்படி இருந்தார் என்பதையும் பார்க்கவேண்டும். குன்றக்குடி அடிகளார் தன் அருள்நெறித் திருக்கூட்டத்தை நடத்தியதே நாத்திகப் பிரசாரத்துக்கு எதிராகத்தான். பிற்பாடு இருவரும் நெருங்கிப் பழகினார்கள். அடிகளாரின் மடத்துக்குப் போனபோது நெற்றியில் பூசிய திருநீற்றைப் பெரியார் அழிக்கவில்லை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால் தள்ளாத வயதிலும் தோள் பிடித்து எழுந்து நின்றார் என்பதும் அப்படிச் சொல்லப்படும் செய்திகளில் ஒன்று. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார். அரை நூற்றாண்டுக் காலம் எதிரெதிர் அணியில் நின்றவர்கள் இருவரும்.

இந்தக் கதைகளை இன்று இரு தரப்பாரும் மேடையில் சொல்கிறார்கள். பெரியார் தொண்டர்கள் சொல்வதில் பெருமிதம் இருக்கிறது, கொஞ்சம் வசதியும் இருக்கிறது: ஆள் தங்கமானவர், எனவே கல்லில் உள்ளதைப் பெரிதுபடுத்தாதீர்கள். ஆனால் அவரை நேரில் பார்த்தவர்களுக்கு அவருடைய சொல்லும் கிடைத்தது, எழுந்து நின்ற பண்பும் கிடைத்தது. இன்று பீடத்தைக் கடக்கிறவருக்குக் கிடைப்பது சொல் மட்டும். அதிலும் யார் கடக்கிறார்கள்? கடவுளைக் காட்டி ஊரை ஏய்த்தவர் காரில் போய்விடுகிறார். வெயிலில் நடந்து போகிறவள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு வரும் ஒரு பாட்டி. ஒரு காலத்தில் பெரிய கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவள் அவள்தான். கடைசி வரி காட்டுமிராண்டி என்பதும் அவளைத்தான். யாருக்காக அந்தக் கோபமோ, அவர் தலையிலேயே போய் விழுகிறது அந்த வசை.

ஆந்திரத்தில் கோரா என்ற கோபராஜு ராமச்சந்திர ராவ், நாத்திகத்தைத் துளியும் மறைக்காமல் காந்தியிடம் போனவர். சேவாகிராமத்தில் இருவரும் நாள்கணக்கில் பேசினார்கள். தன் ஆத்திகம் சரி என்றோ கோராவின் நாத்திகம் தவறு என்றோ தன்னால் சொல்ல முடியவில்லை என்ற இடம்வரைக்கும் காந்தி வந்தார். கோராவின் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் ஆசிரமத்தில் திருமணம் நடத்தத் திட்டமிட்டபோது, சடங்கில் கடவுள் வரும் இடத்தில் சத்தியம் என்று சொல்லலாம் என ஒப்புக்கொண்டார். அதே காந்தி, 1931இல் லோசானில் பேசும்போது பிராட்லாவை நாத்திகர் என்று சொல்ல மாட்டேன், கடவுளுக்கு அஞ்சியவர் என்பேன் என்று பாராட்டினார். பிராட்லா உயிரோடு இருந்திருந்தால் முதல் ஆளாக மறுத்திருப்பார்! ஆறு ஆண்டு போராடி நிலைநாட்டிய அடையாளத்தை அன்போடு பிடுங்கிக்கொள்வதும் ஓர் அவமதிப்புதான். கோராவிடம் காந்தி அதைச் செய்யவில்லை. ஒருவேளை, கோரா எதிரே உட்கார்ந்திருந்ததால்.

பீடத்து எழுத்துக்குச் சுத்தியல் பதில் ஆகாது. 2006 டிசம்பரில் ஸ்ரீரங்கத்தில், ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவிய பெரியார் சிலையைத் திறப்பதற்கு முன்பே உடைத்தார்கள். 2018 மார்ச்சில் திருப்பத்தூரிலும் ஒரு சிலையைச் சேதப்படுத்தினார்கள். வாசகம் புண்படுத்துகிறது என்கிறவர்கள் அதற்கு எதிரே தங்கள் வாசகத்தை வைக்கட்டும். ஜெர்மன் கிறிஸ்தவர்கள் செய்தது அதைத்தான். நீதிமன்றம் எதையும் அழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கிற கல் வரலாறாக இருக்கட்டும். இனி எழுப்பும் பீடங்களில் முதல் மூன்று வரிகளை மட்டும் பொறித்து, அவருடைய இன்னொரு முழக்கமான ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்பதைச் சேர்த்து நிறுத்திக்கொள்ளலாமா என்பதைத் திராவிடர் இயக்கத்தார் தமக்குள் பேசி முடிவு செய்யட்டும். அதே போல, மாற்று மதத்தாரை நரகத்துக்கு அனுப்பும் சுவரெழுத்தைச் சபைகளும், நம்பாதவனைத் தேசத்துக்கு ஆகாதவன் என்று முழங்கும் மேடைப்பேச்சைப் பக்தர் சங்கங்களும் கைவிடட்டும். கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ எவ்வளவு பெரிய எழுத்திலும் எழுதிக்கொள்ளலாம். அதைப் படித்துக்கொண்டு போகிற ஆளை விட்டுவிடுங்கள்.